கழுத்துக்குள் என் நம்பர்

கிட்ட வந்து உட்கார், நர்மதா. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆட்டம். இந்தப் பாயில் உட்கார்ந்தால் காற்றாடிக் காற்று நேராக விழும். டீயில் சர்க்கரை குறைவாகத்தான் போட்டிருக்கிறேன். வெயிலில் நடந்து வந்தவர்களுக்குத் தித்திப்பு ஆகாது. பொன்னேரியிலிருந்து யூனிட் ரயில் பிடித்து, ஸ்டேஷனிலிருந்து இந்த வரிசை வீடுகளை விசாரித்துக்கொண்டே வந்திருக்கிறாய். வந்த வேலை சின்ன வேலை என்று எனக்குத் தெரியும். என் போனுக்கு ஆறு எண் கொண்ட செய்தி ஒன்று வரும். அதைப் படித்துச் சொல்லிவிட்டால் நீ போய்விடலாம். சொல்கிறேன், கண்ணு. அதற்கு முன்னால் ஒரு கதை சொல்கிறேன், கேட்டுவிட்டுப் போ. தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும்போது இந்த வரிசையில் ஆறு வீட்டுப் பெண்களும் என்னிடம் கதை கேட்டவர்கள்தான். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. பார்த்தது கேட்டதை வைத்து நானே கட்டிச் சொல்வேன். இன்றைக்குச் சொல்வது மட்டும் கட்டியது இல்லை.

வாசலில் நின்று நீ ஒன்று கேட்டாய். "இந்த நம்பர் யாருதுங்கம்மா?" என்று. மூன்று மாதமாக என்னிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. போலீஸ்காரர் வேறு ஏதோ கேட்டார். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். நீதான் சரியாகக் கேட்டாய்.

அது என் நம்பர். மணி என்கிற அந்த நாயின் கழுத்துக்குள் இருக்கிற சிப்பு, கருவியை வைத்துப் பார்த்தால் பதினைந்து எண்ணைக் காட்டும். அந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் போட்டால் என் போன் நம்பர் வரும். நாய் என்னுடையது இல்லை. ஒரு வேளை சோறு நான் அதற்கு வைத்ததில்லை. ஆனால் அது தொலைந்தால் உலகத்தில் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

ஜெனிபர் இந்த வரிசையில் நான்காவது வீட்டில் இருந்தாள். புருஷன் ராபின் இரும்புக் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். இரண்டு பேரின் அப்பா அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். இவர்கள் காலத்தில் கழுத்தில் ஐடி கார்டு தொங்கியது. ஜெனிபருக்கு ஏழு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து இரண்டு காதும் போய்விட்டன. பேச்சு மட்டும் மிஞ்சியது. ஏற்றம் இறக்கம் இல்லாத பேச்சு. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து விழும். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டுகிற வேலை அவளுக்கு.

அவர்கள் குடிவந்த முதல் வாரமே நான் அவளுக்குக் காதாகிவிட்டேன். யாரும் கேட்டு நான் செய்யவில்லை. லாரி ஹாரன் அடித்தால் போய்த் தோளைத் தொடுவேன். அவள் வீட்டுக் குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போது நான் அவள் அடுப்படியில் நிற்பேன். சிலிண்டர்காரனுக்குக் கதவைத் திறந்துவிட்டேன், கொரியர்காரனுக்குப் பதில் சொன்னேன். காலையும் சாயங்காலமும் தண்டவாளம் தாண்டும்போது அவள் கை என் கையில் இருக்கும். மேம்பாலம் தூரத்தில் இருக்கிறது. ஷிஃப்டுக்கு நேரமாகிவிடும் என்று இங்கே எல்லோரும் ஒற்றையடிப் பாதையில்தான் தாண்டுகிறார்கள். அங்கே வளைவு ஒன்று உண்டு. வண்டி கண்ணில் படுவதற்கு முன்னால் காதில்தான் படும். காது கேட்கிறவர்களுக்கே அது தப்பான வழி.

கதை கேட்கிறபோது அவள்தான் முன்னால் உட்காருவாள். என் வாயைப் பார்த்தே கேட்பாள். மற்றவர்கள் காதை எனக்குக் கொடுத்துவிட்டுக் கண்ணை லாரி வரும் வழியில் வைத்திருப்பார்கள். இவள் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்க மாட்டாள். இருபத்தெட்டு வருஷம் ஒருவரோடு குடித்தனம் நடத்தினேன். அந்த மனுஷன் ஒரு நாள் கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் அவளுக்குச் செய்ததெல்லாம் பிரியத்தில் செய்தது. அதை நீ மனசில் வைத்துக்கொண்டு மீதியைக் கேட்க வேண்டும்.

இரண்டு வருஷம் அப்படிப் போனது. பிறகு நாய் வந்தது.

ராபின் கம்பெனி வாசலில் கிடந்த குட்டி. செம்பட்டை நிறம், ஒரு காது மடங்கியிருக்கும். ஊரில் பாதி நாய்க்கு மணி என்றுதான் பெயர். ஆனால் ஜெனிபர் வைத்ததற்குக் காரணம் இருந்தது. கதவு தட்டினால் அது ஓடிப் போய் அவள் முட்டியில் மூக்கால் இடிக்கும். குக்கர் விசில் அடித்தால் அடுப்படிக்கும் அவளுக்கும் நடுவே ஓடும். யாரும் பழக்கவில்லை, தானாகப் பழகியது. ஆறு மாதத்தில் தண்டவாளத்துக்கும் அவளோடு போக ஆரம்பித்தது. வண்டி வருகிற சத்தம் அதற்கு எங்களுக்கெல்லாம் முன்னாலேயே கேட்டுவிடும். கேட்டதும் அவள் பாதத்தின் மேல் உட்கார்ந்துகொள்ளும். வண்டி போகும்வரை எழுந்திருக்காது. அவளும் நகர மாட்டாள். அவளைக் கம்பெனி வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படுக்கும். சாயங்காலம் நேரம் தெரிந்து போய் நிற்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராபின் மீன் வாங்கிக்கொண்டு வந்தான். என் வாசலில் நின்று சிரித்துக்கொண்டே சொன்னான்.

"அத்த, இனிமே உனுக்கு லீவு உட்டாச்சு. மணி டூட்டில சேந்துக்கினான். நீ காலாட்டிக்கினு சீரியல் பாரு."

நானும் சிரித்தேன். "சம்பளம் எவ்ளோ அவனுக்கு?" என்று கேட்டேன். "டெய்லி ரெண்டு நெத்திலித் தல," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஜெனிபரும் எங்கள் வாயைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அவன் நல்ல பிள்ளை, மனசில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து லாரி ஹாரன் அடித்தால் நான் எழுந்து போவதற்குள் அவள் குடத்தோடு வெளியே வந்துவிடுவாள். கதை கேட்க வந்தால் நாய்க்கும் அவளுக்கும் நடுவில் என் முகத்துக்குப் பாதிப் பார்வைதான் கிடைத்தது.

சிப்பு போட்டது போன வருஷம் ஆடி மாதத்தில். கும்மிடிப்பூண்டியில் ஒரு டிரஸ்ட்காரர்கள் நாய்களுக்கு முகாம் போட்டிருந்தார்கள். நானும் கூடப் போனேன். ஊசி பெரிது, உள்ளே போனது அரிசி அளவுதான். இங்கே நிறையப் பேர் தப்பாக நினைக்கிறார்கள், சிப்பு போட்டால் நாய் எங்கே இருக்கிறது என்று போனில் காட்டும் என்று. அப்படி எதுவும் காட்டாது. சிப்புக்கு ஒரு எண்தான் தெரியும். அந்த எண் ஒரு போனைச் சொல்லும். அப்புறம் எல்லாம் அந்தப் போனை வைத்திருக்கிறவர் கையில்.

மேசையில் இருந்த பெண் நம்பர் கேட்டாள். கூப்பிட்டால் எடுக்கிற நம்பராகக் கொடுங்கள் என்றாள். அங்கேதான் எல்லாம் நின்றது. ஜெனிபருக்குப் போன் இருந்தது, எழுதி அனுப்பினால் படிப்பாள், ஆனால் கூப்பிட்டால் எப்படி எடுப்பாள். ராபின் கம்பெனியில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். எட்டு மணி நேரம் அது டப்பாவில் கிடக்கும். இந்தப் பக்கத்தில் பாதிக் குடும்பங்கள் இதனால்தான் பள்ளிக்கூடத்துக்கும் சிலிண்டருக்கும் பக்கத்து வீட்டு நம்பரைக் கொடுக்கின்றன. ராபின் யோசிக்கவே இல்லை. "அத்த நம்பர் போடும்மா. அவங்க எப்பவும் ஊட்லதான் கீறாங்க," என்றான். இரண்டாவது நம்பருக்கு ஒரு கட்டம் இருந்தது. அதை வெறுமனே விட்டுவிட்டார்கள். அந்தப் பெண் நல்லவள். போகும்போது சொல்லி அனுப்பினாள், வீடு மாறினால், நம்பர் மாறினால் உடனே சொல்லி மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் சிப்பு போட்டும் போடாத மாதிரிதான் என்று. எல்லோரும் தலையாட்டினோம்.

உண்மையைச் சொல்கிறேன், அன்று வீட்டுக்கு வரும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த நாயின் கழுத்துக்குள் என் நம்பர் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

ஐப்பசியில் ராபின் வேறு கம்பெனிக்கு மாறினான். அங்கே போன் வைத்துக்கொள்ளலாம். ஜெனிபர் அன்று சாயங்காலமே ஒரு சீட்டில் அவன் நம்பரை எழுதி என்னிடம் கொண்டுவந்தாள். மறக்கிறவள் இல்லை அவள். நம்பரை மாற்றச் சிப்பு பதிவு செய்கிற ஆபீசுக்குப் போன் செய்து பேச வேண்டும், அவளால் முடியாது. ராபின் புது வேலையில் இரட்டை ஷிஃப்ட். "அத்த, நீங்க பேசுங்க," என்றாள்.

பேசினேன். அந்தப் பக்கம் இருந்தவர், பழைய நம்பருக்கு ஒரு செய்தி வரும், அதில் இருக்கிற ஆறு எண்ணைச் சொல்லுங்கள், மாற்றிவிடுகிறோம் என்றார். பழைய நம்பர் என்றால் இதே போன். செய்தி வந்தது. பத்து நிமிடம்தான் அதற்கு உயிர் என்று அதிலேயே போட்டிருந்தது. ஜெனிபர் எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாய் வெளியே கிடந்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம் முழுப் பார்வையும் என் மேல் இருந்தது. லைனில் இருந்தவர் "அம்மா, நம்பர் வந்திச்சா, அம்மா, கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவளுக்குக் கேட்காது. நான் ஏதோ பதில் சொல்வது போல வாயை அசைத்துவிட்டு வைத்துவிட்டேன். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். அவள் என் கன்னத்தைக் கிள்ளி முத்தம் வைத்துவிட்டுப் போனாள். நான் உட்கார்ந்து அந்த ஆறு எண்ணையும் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதில் பெரிய தப்பு ஒன்றும் அப்போது எனக்குத் தெரியவில்லை. நாய் தொலைந்தால்தானே நம்பர். தொலைந்தால் நான் ஓடிப் போய்க் கூட்டிக்கொண்டு வந்து கொடுக்க மாட்டேனா என்று நினைத்தேன்.

பொங்கல் வந்தது. போகியன்று விடிகிற நேரத்தில் பிள்ளைகள் தெருவில் போகி மேளம் அடிக்க ஆரம்பித்தார்கள். டயர்ப் புகை. நாலு மேளம், பத்து மேளம் என்று சேர்ந்துகொண்டே போனது. ஜெனிபர் உள்ளே நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். ராபின் ஷிஃப்டில். மணி அவர்கள் வாசல் கம்பிக் கதவுக்குள் நின்று வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. கம்பியில் வாயை வைத்துக் கடித்தது. அன்று கதவின் தாழ்ப்பாள் திறந்திருந்தது என்று ராபின் பிறகு சொன்னான், ஷிஃப்டுக்குப் போகிற அவசரத்தில் தான்தான் போடாமல் விட்டிருப்பேன் என்று தலையில் அடித்துக்கொண்டான். நான் அவன் தலையைப் பிடித்து, விடுப்பா, யாருக்கும் வருகிற மறதிதான் என்று தேற்றினேன்.

தாழ்ப்பாளை நான்தான் எடுத்தேன். ஓடட்டும் என்று எடுக்கவில்லை. ஓடுமா என்று பார்க்கத்தான் எடுத்தேன். அவளை விட்டு நகராத நாய் என்று ஊரெல்லாம் பேச்சு. அது எவ்வளவு உண்மை என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. ஓடிவிட்டது.

நாலாம் நாள், காணும் பொங்கலன்று, நீ கூப்பிட்டாய். என் குரலை உனக்கு ஞாபகம் இல்லை என்று வாசலிலேயே தெரிந்தது. எனக்கு உன் குரல் உடனே தெரிந்துவிட்டது. "அம்மா, உங்க நாய் பத்திரமா எங்க கிளினிக்ல இருக்குதும்மா. பொன்னேரி மார்க்கெட்டாண்ட கெடச்சிச்சு," என்றாய். சொந்தப் பிள்ளை பாஸானதைச் சொல்கிற மாதிரி அவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில். ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன். சொன்ன பிறகுதான் அப்படிச் சொன்னேன் என்பதே எனக்குத் தெரிந்தது.

மறுநாள் மறுபடி கூப்பிட்டாய். நம்பர் சரியாகத்தான் இருக்கிறது, ஜெனிபர் என்று பெயரும் இருக்கிறது என்றாய். யோசிக்க எனக்கு ஒரு ராத்திரி கிடைத்திருந்தது.

"அவங்க ஊடு காலி பண்ணிக்கினு போய்ட்டாங்கம்மா. நாய வோணாம்னுதான் உட்டுட்டுப் போனாங்க."

பதினைந்து நாள் வைத்திருப்போம், யாரும் வராவிட்டால் நல்ல வீடாகப் பார்த்துக் கொடுத்துவிடுவோம் என்றாய். நல்ல வீடாகப் பார்த்துக் கொடும்மா, பாவம் வாயில்லா ஜீவன் என்றேன். அதை மனசாரச் சொன்னேன். அந்த நாய்க்கு நான் கெடுதல் நினைக்கவில்லை, நர்மதா. அதற்கு ஒரு வீடு கிடைத்தால் போதும். எனக்கு என் இடம் திரும்பக் கிடைத்தால் போதும்.

பதினைந்து நாள். நாட்காட்டியில் தாளைக் கிழிக்கும்போதெல்லாம் அதை நினைத்துக்கொள்வேன்.

அந்த நாட்கள் நன்றாக இருந்தன. வேறு என்ன சொல்வது. காலையில் அவள் கை மறுபடி என் கைக்குள் வந்தது. பொங்கல் லீவு முடிந்து கம்பெனிகள் எல்லாம் திறந்துவிட்டன, பாதையில் கூட்டம். வளைவுக்கு அந்தப் பக்கம் சத்தம் வந்தால் நான் அவள் மணிக்கட்டை அழுத்துவேன், அவள் நிற்பாள். வண்டி கடந்து போகும்போது அவள் முடி காற்றில் பறக்கும். குக்கருக்கு நான் போனேன். லாரிக்கு நான் போனேன். சாயங்காலம் கம்பெனி வாசலில் எனக்காக நின்றாள்.

அவள் சாப்பிடவில்லை என்பதும் உண்மைதான். நாஷ்டாவை டப்பாவிலேயே திருப்பிக் கொண்டுவருவாள். நாயின் படத்தை நகல் எடுத்து, கீழே ராபின் நம்பரோடு என் நம்பரையும் எழுதி, ஸ்டேஷனிலிருந்து டீக்கடைவரை ஒட்டினாள். வேலை முடிந்து வரும்போது புதருக்குப் புதர் குனிந்து பார்த்துக் கையைத் தட்டிக் கூப்பிடுவாள். அது குரைத்தால் கூட அவளுக்குக் கேட்காது என்பதால் நான் கூடவே இருந்து கேட்க வேண்டும். இருந்தேன். ஒவ்வொரு நாளும் வீட்டு வாசலில் பிரியும்போது என் போனைக் காட்டி, வந்ததா என்பது போலப் புருவத்தைத் தூக்குவாள். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். அவள் கண் நிறைந்துவிடும். அப்போது என் தோளில்தான் சாய்வாள். துக்கம் கொஞ்ச நாளில் ஆறிவிடும் என்று நான் கணக்குப் போட்டேன். எனக்குத் தெரிந்து யாருக்கும் ஆறாத துக்கம் இல்லை.

இதற்கு நடுவில் ஒரு நாள் ராபின் மட்டும் ஒன்று சொன்னான். "சிப்புதான் கீதே அத்த, யாராச்சும் ஸ்கேன் பண்ணா எனுக்குத்தான கால் வரும். வரலன்னா செத்துட்டான்னு அர்த்தம்." நம்பர் மாறிவிட்டது என்றே அவன் நம்பிக்கொண்டிருந்தான். அவன் போன் பாக்கெட்டிலேயே இருந்தது. ஒவ்வொரு முறை அது அடிக்கும்போதும் அவன் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

உன் போன் வந்து ஒன்பதாம் நாள் அவள் என் போனை வாங்கினாள். கேட்டு வாங்கவில்லை. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன், போன் மாடத்தில் இருந்தது. கேட்கிறவர்கள் போனைக் காதில் வைப்பார்கள். அவள் கண்ணால் படிக்கிறவள். எந்த நாள் எந்த மணிக்கு யார் கூப்பிட்டார்கள் என்று அதில் வரிசையாக இருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. காணும் பொங்கலன்று தெரியாத நம்பர் ஒன்று, மறுநாளும் அதே நம்பர், இரண்டாவது முறை நாலு நிமிடம் பேச்சு. இது யார் என்று கேட்டாள். சீட்டுக்காரன் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். போவதற்கு முன்னால் அந்த நம்பரைத் தன் போனில் ஏற்றிக்கொண்டாள் என்பது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

மறுநாள் கம்பெனியில் சூப்பர்வைசர் ஹெலன் அம்மாவிடம் கொடுத்துக் கூப்பிடச் சொல்லியிருக்கிறாள். நீதான் எடுத்திருக்கிறாய். நாய் அங்கேதான் இருக்கிறது, வீட்டை விட்டுப் போகிறவர்கள் வேண்டாமென்று விட்டுவிட்டதாக ஒரு அம்மா சொன்னார்கள் என்று நீ சொன்னதை ஹெலன் அம்மா அவளுக்கு எழுதிக் காட்டியிருக்கிறாள். இன்னும் ஆறு நாள் இருந்தது, நர்மதா. ஆறு நாள் கழித்து அவள் அந்த நம்பரைப் பார்த்திருந்தால் நாய் வேறு வீட்டுக்குப் போயிருக்கும், அவள் அழுதிருப்பாள், நான் தேற்றியிருப்பேன், இன்று இரண்டு பேரும் உனக்கு எதிரே உட்கார்ந்திருப்போம்.

போன் சத்தம் கேட்டதா? நீ கேட்ட செய்திதான். இந்தா, நீயே எடுத்துக்கொள். எண்ணை நீயே பார்த்து எழுதிக்கொள். ராபின் நம்பரைப் போட்டுவிடு, அந்தக் காலிக் கட்டத்தில் கடம்பத்தூரில் இருக்கிற அவன் அக்கா நம்பரையும் போடு. நாய் இப்போது அவனோடுதானே இருக்கிறது. இதை வாங்க அவன் ஏன் நேரில் வரவில்லை, உன்னை ஏன் அனுப்பினான் என்று நானும் யோசித்தேன். அவன் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. வீட்டைக் காலி செய்த அன்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டான், என் வாசலைத் தாண்டும்போது மட்டும் செருப்பைப் பார்த்துக்கொண்டு நடந்தான்.

அன்று சாயங்காலம் அவளைக் கூட்டிவர வழக்கம்போல் போனேன். அவள் அரை மணி முன்னாலேயே அனுமதி வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். ஸ்டேஷனுக்குப் போய்ப் பொன்னேரிக்கு வண்டி பிடிக்க வேண்டும், நீ கிளினிக்கை மூடுவதற்குள். நான் பாதையில் எதிரே வந்தேன். கையை நீட்டினேன். அவள் கையைக் கொடுக்கவில்லை. நின்று என் முகத்தைப் பார்த்தாள். கதை கேட்கும்போது பார்ப்பாளே, அப்படியே, கண்ணை எடுக்காமல்.

"உங்களுக்குக் கேட்டுது. எனக்குச் சொல்லல."

அவ்வளவுதான் சொன்னாள். கோபமாகச் சொன்னாளா என்று கேட்டால் எனக்குத் தெரியாது; அவள் பேச்சில் ஏற்ற இறக்கம் கிடையாது. சொல்லிவிட்டு என்னைத் தாண்டி நடந்தாள். நான் திரும்பி அவள் பின்னால் நடந்தேன். ஒரு முழம் இடைவெளி. அவள் வேகமாக நடந்தாள், நானும் நடந்தேன். வயசானாலும் நடை எனக்குக் குறையவில்லை.

முதல் தடத்தைத் தாண்டினோம். அப்போது வளைவுக்கு அந்தப் பக்கம் சத்தம் வந்தது. ஆந்திராவிலிருந்து வருகிற எக்ஸ்பிரஸ், இங்கே நிற்காது. நல்ல வெளிச்சம் இருந்தது, நாலரை மணி இருக்கும். அந்தப் பக்கத்தில் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் ஏழெட்டுப் பேர் நின்றுவிட்டார்கள். அவள் நிற்கவில்லை. குனிந்து போனில் ஏதோ எழுதிக்கொண்டே நடந்தாள். ராபினுக்குத்தான், பாதியில் நின்ற அந்தச் செய்தியை அவன் பிறகு எனக்குக் காட்டினான். "மணி கெடச்ச" என்பதோடு நிற்கிறது.

நான் கூப்பிட்டேன். ஜெனிபர், நில்லு என்று கூப்பிட்டேன். ஒரு முறை இல்லை, மூன்று முறை. கதை சொல்லிச் சொல்லி வளர்ந்த தொண்டை இது. அந்தப் பக்கம் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. அவர்கள் எல்லோரும் போலீசில் அதைத்தான் சொன்னார்கள். அந்த அம்மா அடித்தொண்டையில் கத்தினாங்க சார், அந்தப் பொண்ணு திரும்பவே இல்ல என்று. எஸ்.ஐ. என்னிடம், கூப்ட்டியாம்மா என்று கேட்டார். கூப்பிட்டேன் சார் என்றேன். எழுதிக்கொண்டார். ராபின் ஆஸ்பத்திரி வாசலில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, நீயாச்சும் கூப்ட்டியே அத்த என்று அழுதான். அழுது முடித்தவன் என் கையைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு விட்டுவிட்டான்.

நாலரை வருஷத்தில் நான் அவளை ஒரு முறை கூட வாயால் கூப்பிட்டதில்லை, நர்மதா. அன்றுதான் கூப்பிட்டேன். அவள் தோள் எனக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது. என் கை இரண்டும் சும்மாதான் இருந்தன. பதற்றத்தில் மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீயும் நம்புவாய், ஊரும் நம்பும். மறக்கவில்லை. கையை அவள் வேண்டாம் என்றாள். அதனால் குரலைக் கொடுத்தேன். திரும்புவாளா என்று பார்த்தேன்.

நீ அன்று கிளினிக்கை மூடாமல் இருட்டும்வரை காத்திருந்தாய் என்று ஹெலன் அம்மா சொன்னாள். உன் மனசு எனக்குப் புரிகிறது. அழாதே. நாயைக் கொடுத்திருந்தால் அது அவள் காலில் உட்கார்ந்திருக்குமே என்றுதானே நினைக்கிறாய். நானும் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். ஒன்றுதான் தெரிகிறது. அவளுக்கு அவ்வளவு பெரிய ஆபத்து வந்த நேரத்தில் அந்த நாய் எங்கேயோ ஒரு கூண்டில் படுத்திருந்தது. பக்கத்தில் இருந்தது நான். கடைசிவரை அவள் கூட இருந்தது நான் மட்டும்தான்.

யாரிடம் சொல்ல வேண்டுமோ சொல், நான் இங்கேதான் இருப்பேன். எங்கே போகப்போகிறேன். இருட்டுவதற்குள் கிளம்பு, பாதையில் போகாதே, மேம்பாலம் ஏறிப் போ. நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணு. உன் வீட்டில் சோறும் சிரிப்பும் குறையாமல் இருக்கட்டும். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளரட்டும். நீயும் உன் வீட்டுக்காரரும் வேலைக்குப் போயிருக்கிற நேரத்தில் உங்களுக்கு வருகிற போனை எடுக்க, கதவைத் தட்டுகிறவர்களுக்குப் பதில் சொல்ல, என்னைப் போல ஒருத்தி எப்போதும் பக்கத்து வீட்டில் இருக்கட்டும்.